ஆறாம் தெரு, மெயின் தெரு மூலையில் இருக்கும் பசிபிக் எலக்ட்ரிக் கட்டிடம் உண்மையில் ரயில் நிலையமா?

ஆறாம்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. அலுவலகம் பக்கம் என்பதால் நடந்தே போய்வருகிறேன். (இந்த ஊரில் நடந்து போனால் கார் ரிப்பேரா என்று கேட்கிறார்கள், அது தனிக்கதை.) வழியில் ஆறாம் தெருவும் மெயின் தெருவும் சேரும் மூலையில் ஒரு பெரிய பழைய கட்டிடம் இருக்கிறது. உள்ளே இப்போது லாஃப்ட் வீடுகள், அதாவது பழைய அலுவலகத் தளங்களை வீடாக மாற்றியவை. பெயர் ‘பசிபிக் எலக்ட்ரிக்’. பெயரைக் கேட்டால் மின்சாரக் கம்பெனி மாதிரி இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கும் ஒரு நண்பர், ஒரு காலத்தில் தென் கலிஃபோர்னியா முழுவதற்கும் இதுதான் ரயில் நிலையம் என்கிறார். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தண்டவாளமும் இல்லை, பிளாட்ஃபாரமும் இல்லை. நாலு பக்கமும் தெரு, கடை, கார்.

அலுவலகத்தில் இன்னொருவரோ, நிஜமான ஸ்டேஷன் அது இல்லை, ஹில் தெருவில் பெர்ஷிங் சதுக்கத்துக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். ஒரே கம்பெனிக்கு ஒரே டவுன்டவுனில் எதற்கு இரண்டு நிலையம்? ரயில் எந்த வழியாக உள்ளே வந்தது? இவ்வளவு பெரிய கட்டிடத்தைக் கட்டியவர்கள் ரயிலை ஏன் விட்டுவிட்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். ஆங்கிலத்தில் தேடினால் பாதிப்பேர் சதி என்கிறார்கள், மீதிப்பேர் சதியே இல்லை என்று சண்டை போடுகிறார்கள்.

---

சிவப்புவண்டி எழுதியது:

உங்கள் நண்பர், அலுவலகக்காரர் இருவர் சொல்வதும் சரி. நான் லாங் பீச்சில் இருப்பவன், துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பசிபிக் எலக்ட்ரிக் ஓட்டிய சிவப்பு ரயில் வண்டிகளின் மேல் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் எலக்ட்ரிக் என்பது 1901-இல் தொடங்கிய மின்சார ரயில்வே கம்பெனி. ஊருக்குள் மட்டும் ஓடும் டிராம் இல்லை, ஊருக்கு ஊர் ஓடிய ரயில். பசடேனா, லாங் பீச், சான் பெட்ரோ, சாண்டா ஆனா, சான் பெர்னார்டினோ, சாண்டா மோனிகா என்று விரிந்து, 1920-களில் ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் வைத்திருந்தது. இந்த வகை ரயிலில் உலகத்திலேயே பெரியது. தொடங்கியவர் ஹென்றி ஹன்டிங்டன். சதர்ன் பசிபிக் ரயில்வேயை ஆண்ட காலிஸ் ஹன்டிங்டனின் அண்ணன் மகன். சித்தப்பா இறந்ததும் அந்த ரயில்வேயின் தலைமை கைக்கு வராமல் போகவே, லாஸ் ஏஞ்சலஸில் தனி ராஜ்ஜியம் அமைத்தார். முதல் பெரிய தடம் எங்கள் லாங் பீச் தடம்தான், 1902 ஜூலை 4 அன்று திறந்தார்கள்.

நீங்கள் பார்க்கும் கட்டிடம் 1905 ஜனவரியில் திறந்தது. வடிவமைத்தவர் தார்ன்டன் ஃபிட்சூ. ஊரிலேயே உயரமான கட்டிடம் என்ற பெயர் இதற்கு இல்லை. நாலாம் தெருவில் பிரேலி கட்டிடம் அதற்கு முன்பே எழும்பி, அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அகலம் இருக்கிறதே, அதில் இதை யாரும் நெருங்க முடியவில்லை. மிசிசிப்பி நதிக்கு மேற்கே தரைப்பரப்பில் பெரிய கட்டிடம் என்ற பெயர் இதற்குப் பல வருடங்கள் நிலைத்தது. கீழே ரயில் நிலையம், நடுவில் வரிசை வரிசையாக அலுவலக அறைகள், உச்சியில் ஜோனதன் கிளப். ஊரின் பெரிய பணக்காரர்கள் கூடும் இடம் அது, 1920-களின் நடுவில்தான் சொந்த இடத்துக்குப் போனது. யோசித்துப் பாருங்கள். கீழே ஆரஞ்சுத் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் போகும் கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறது. மேலே அந்தத் தோட்டத்தையும் கடற்கரையையும் மனைபோட்டு விற்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அதுதான் இந்தக் கட்டிடத்தைப் புரிந்துகொள்ளச் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹன்டிங்டன் ரயில் டிக்கெட்டில் பணம் பண்ண வந்தவர் இல்லை. ஊருக்கு வெளியே நிலத்தை வாங்குவார், அங்கே தடம் போடுவார், மனை விலை ஏறும், விற்பார். 1905-இல் ரெடோண்டோ கடற்கரையை அவர் வாங்கிவிட்டார் என்று செய்தி பரவியதும் மனை வாங்க ஜனங்கள் முண்டியடித்திருக்கிறார்கள். ரயில் நட்டத்தில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் லாபம். டவுன்டவுனில் இவ்வளவு பெரிய அலுவலகக் கட்டிடத்தைக் கட்டி வாடகைக்கு விட்டதும் அதே கணக்கில் சேர்த்திதான். ஆக, முதல் நாளிலிருந்தே அது பாதி ரயில் நிலையம், பாதி ரியல் எஸ்டேட். ரயில் போன பிறகும் கட்டிடம் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். வெறும் ஸ்டேஷனாக மட்டும் கட்டியிருந்தால் எப்போதோ இடித்திருப்பார்கள்.

ரயில் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டீர்களே. முதலில் நேராக மெயின் தெரு வழியாகத்தான். தெருவிலிருந்து திரும்பிக் கட்டிடத்தின் தரைத்தளத்துக்குள்ளேயே வண்டிகள் நுழைந்தன. அந்தக் காலத்து மெயின் தெருப் படங்களில் ஒரு வேடிக்கை தெரியும், ஒரே தடத்தில் மூன்று தண்டவாளம். ஊருக்குள் ஓடிய மஞ்சள் வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸ் ரயில்வேயினுடையவை, அவற்றுக்கு மூன்றரை அடி இடைவெளி. சிவப்பு வண்டிகளுக்கு நாலடி எட்டரை அங்குலம். ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே தெருவில் ஓடின. அதே தெருவில் குதிரை வண்டி, சைக்கிள், அப்புறம் கார்.

லாங் பீச் போகிற வழியில் வாட்ஸ் என்கிற இடம் வரை நாலு தடம் இருந்தது. நின்று நின்று போகும் வண்டி இரண்டு தடத்தில், விரைவு வண்டி இரண்டு தடத்தில். அங்கே வண்டி பறக்கும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், இப்போது இல்லை, வாலிபத்தில் அந்த வண்டியில் வேலைக்குப் போனவர். வாட்ஸ் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார். ‘ஆனால் ஊருக்குள் வந்ததும் பக்கத்தில் நடந்து போகிறவன் என்னை முந்திவிடுவான்’ என்று சேர்த்துச் சொல்வார்.

கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. 1916-இல் கட்டிடத்தின் பின்பக்கத்திலிருந்து சான் பெட்ரோ தெரு வரை ஒரு மேம்பாலம் கட்டினார்கள். அதற்குப் பிறகு தெற்கேயும் கிழக்கேயும் போகிற நெடுந்தூர வண்டிகள் மெயின் தெருவைத் தொடாமல், கட்டிடத்தின் முதுகுப் பக்கமாக மாடி உயரத்தில் வந்து நின்றன. தடத்தை நீங்கள் முன்பக்கத் தெருவில் தேடுகிறீர்கள், பெரிய வண்டிகள் வந்து போனதோ பின்பக்கம். இப்போது அந்த மேம்பாலமும் இல்லை.

பாலத்தில் வந்தாலும் சங்கடம் முழுக்கத் தீரவில்லை. பாலம் இறங்கும் இடம் சான் பெட்ரோ தெரு, அங்கேயும் லாரிகளோடு இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கட்டிடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது. கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த 1903-இல், மெயின் தெருவில் தண்டவாளம் போட்டவர்கள் மெக்சிகோக்காரத் தொழிலாளர்கள். மணிக்கு 17.5 சென்ட் கூலி. ஏப்ரல் மாதம், ஊர்த் திருவிழாவுக்குள் தடத்தை முடித்தாக வேண்டும் என்று கம்பெனி பறந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, 20 சென்ட் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கருவியைக் கீழே போட்டார்கள். ஹன்டிங்டன் மறுத்து வேறு ஆட்களை இறக்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட மெக்சிகோப் பெண்கள் மெயின் தெருவுக்கே வந்து, புதிதாக வந்தவர்கள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். போலீஸ் வந்தது. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது, தடம் முடிந்தது. அந்த இரண்டரை சென்டை நினைக்காமல் எனக்கு அந்தக் கட்டிடத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஹில் தெருக் கதை அப்புறம் எழுதுகிறேன். வேறு யாராவது முந்திக்கொண்டாலும் சந்தோஷமே.

---

பசடேனாவாசி எழுதியது:

ஐயா அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லையே? ஜெனரல் மோட்டார்ஸ் பஸ் விற்பதற்காக ரயில்களை வாங்கி மூடியது என்பது கோர்ட்டிலேயே நிரூபணமான விஷயம். டயர் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி எல்லாம் கூட்டு. இதையும் சொல்லாவிட்டால் ஏதோ ரயில் தானாகச் செத்துப்போன மாதிரி ஆகிவிடும்.

பசடேனாவுக்கு ஒரு காலத்தில் ஒன்றுக்கு இரண்டு தடம் இருந்தன. 1951-க்குள் இரண்டும் போய்விட்டன. மறுபடி ரயில் வர 2003 ஆனது. நடுவில் ஐம்பது வருடம் நாங்கள் 110 நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்தோம், இன்னும் உட்கார்ந்திருக்கிறோம். கோபம் வருமா வராதா?

---

சாப்பாட்டுராமன் எழுதியது:

வரலாறு தெரியாது, வயிறு தெரியும். அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் கோல்ஸ் என்று ஒரு சாப்பாட்டுக்கடை 1908-இல் தொடங்கியது. முழுப்பெயரிலேயே ‘பி.இ. பஃபே’ என்று வரும், பி.இ. என்றால் பசிபிக் எலக்ட்ரிக். வேலை முடிந்து வண்டி ஏறுவதற்கு முன் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற கூட்டத்தை நம்பித்தான் கடை. ‘ஃபிரெஞ்ச் டிப்’ என்கிற சாண்ட்விச், அதாவது ரொட்டியை மாட்டிறைச்சிச் சாற்றில் முக்கித் தருவது, அங்கேதான் பிறந்தது என்பது கோல்ஸ் கட்சி. யூனியன் ஸ்டேஷன் பக்கத்தில் ஃபிலிப்ஸ் என்கிற கடைக்காரர்கள் 1918-இல் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்கிறார்கள். நூறு வருடமாகப் பஞ்சாயத்து முடியவில்லை. திருநெல்வேலியில் எது அசல் அல்வாக்கடை என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

சைவக்காரர்கள் படிக்கட்டு வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

---

சிவப்புவண்டி எழுதியது:

பசடேனாவாசி தம்பி, கோபம் நியாயம்தான், ஆள்தான் மாறிப்போயிருக்கிறது.

வழக்கு உண்மை. 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் உள்ளிட்ட கம்பெனிகளுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் எதற்கு? நேஷனல் சிட்டி லைன்ஸ் என்கிற நிறுவனம் நடத்திய ஊர்களில் பஸ், டயர், எண்ணெய் எல்லாம் தங்களிடமே வாங்க வைத்துப் போட்டியை அடைத்தார்கள் என்பதற்கு. போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தார்கள் என்ற இன்னொரு குற்றச்சாட்டில் விடுதலை ஆகிவிட்டார்கள். அபராதம் கம்பெனிக்கு 5,000 டாலர். சிரிப்பு வரும் தொகை, ஒத்துக்கொள்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் அந்த நிறுவனம் 1945-இல் வாங்கியது மஞ்சள் வண்டிகளை. சிவப்பு வண்டிகள் 1911-இலிருந்தே சதர்ன் பசிபிக் கையில். அந்த வருடம் பெரிய பங்கு பிரிப்பு ஒன்று நடந்தது. ஹன்டிங்டன் ஊருக்குள் ஓடும் மஞ்சள் வண்டியை வைத்துக்கொண்டார், சிவப்பு வண்டி முழுவதையும் சதர்ன் பசிபிக்குக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார்? என் கணக்கில், விற்க வேண்டிய மனையில் பெரும்பகுதியை அதற்குள் விற்றுவிட்டார். புதிய முதலாளிக்குச் சரக்குப் போக்குவரத்துதான் முக்கியம். பயணிகள் பக்கம் பெரும்பாலும் நட்டம். தடம் தடமாகப் பஸ்ஸுக்கு மாற்றியதும் அவர்களேதான். உங்கள் பசடேனாத் தடங்களை மூடியதும் சாண்டா ஆனாத் தடத்தை 1950-இல் மூடியதும் பசிபிக் எலக்ட்ரிக்கே. பயணிகள் சேவையை மெட்ரோபாலிடன் கோச் லைன்ஸ் என்கிற பஸ் கம்பெனி வாங்கியது 1953-இல். அதன் முதலாளி முன்பு நேஷனல் சிட்டி லைன்ஸின் கிளை நிறுவனம் ஒன்றில் இருந்தவர், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் வாங்கும்போது பாதிக்கு மேல் தடம் ஏற்கெனவே போயாகிவிட்டது.

அப்படியானால் யார் குற்றவாளி? என்னைக் கேட்டால் அந்தக் கட்டிடத்து வாசலில் நின்று தெருவைக் காட்டுவேன். 1920-இல் மாநகராட்சி டவுன்டவுனில் பகல் நேரத்தில் கார் நிறுத்தத் தடை போட்டது. சிவப்பு வண்டியும் மஞ்சள் வண்டியும் நகரட்டும் என்றுதான். கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று கூச்சல் போட்டார்கள், சில வாரங்களிலேயே தடையைத் தளர்த்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ரயிலுக்குத் தனிப்பாதை கொடுப்பதா என்ற கேள்வி வந்தபோதெல்லாம் இந்த ஊர் யோசித்தது, சண்டை போட்டது, காருக்கு வழிவிட்டது. மனை விற்றவர்கள் வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வைத்துவிட்டார்கள். தள்ளித் தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கார் இல்லாமல் முடியாது. கார் வந்ததும் ரயிலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஹன்டிங்டனின் வியாபாரமே தன் ரயிலுக்குக் குழி தோண்டியது என்று சொன்னால் மிகை இல்லை.

சாப்பாட்டுராமன், நான் கோல்ஸில் சாப்பிட்டிருக்கிறேன். கடுகுச் சட்னி காரம் மூக்கில் ஏறும். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தால் என்ன!

---

சுரங்கப்பூனை எழுதியது:

ஹில் தெருக் கேள்வி இன்னும் தொங்குகிறதே, நான் எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் வேலை செய்தவள் என்ற உரிமையில்.

பசிபிக் எலக்ட்ரிக்குக்கு இரண்டு நிலையம் இருந்ததற்குக் காரணம் திசை. மெயின் தெருவில் தெற்கு, கிழக்கு, பசடேனாப் பக்கம். ஹில் தெருவில் மேற்குப் பக்கம்: ஹாலிவுட், சாண்டா மோனிகா, க்ளென்டேல், பர்பேங்க். ஹில் தெருவிலும் முதலில் தரை மட்டத்தில்தான் நிலையம். நெரிசல் தாங்காமல் கலிஃபோர்னியா ரயில்வே ஆணையம் 1922-இல் சுரங்கம் தோண்டச் சொல்லி உத்தரவு போட்டது. பங்கர் ஹில் என்கிற குன்றுக்கு அடியில் ஏறத்தாழ ஒரு மைல் சுரங்கம், அதன் முனையில் தரைக்கு அடியில் ஐந்து தடங்கள் கொண்ட நிலையம், அதன் தலைமேல் பெரிய அலுவலகக் கட்டிடம். 1925 டிசம்பர் 1 அன்று வண்டிகள் ஓடத் தொடங்கின. கட்டிடத்தை வடிவமைத்தது ஷுல்ட்சே அண்ட் வீவர், பெர்ஷிங் சதுக்கத்தின் பில்ட்மோர் ஹோட்டலும் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியாவும் அவர்களுடையவைதான். வாசலில் நின்று பார்த்தால் ஹோட்டலா வங்கியா என்று சந்தேகம் வரும், ரயில் நிலையம் என்று சத்தியமாகத் தோன்றாது. இன்று மெட்ரோ 417 என்ற பெயரில் அதுவும் வாடகை வீடுகள்.

ஹாலிவுட் போக கால் மணி நேரம் மிச்சம் என்று விளம்பரம் செய்தார்கள். போர்க்காலத்தில், 1944 வாக்கில், நாளொன்றுக்கு 65,000 பேர் வரை சுரங்கம் வழியாகப் போனார்களாம். பிரச்சினை என்னவென்றால் சுரங்கத்துக்கு வெளியே வந்ததும் வண்டி மறுபடி க்ளென்டேல் புலவார்டிலும் சன்செட்டிலும் தெருவில்தான் ஓடியது. சுரங்கத்தை நீட்டும் திட்டம் காகிதத்தோடு நின்றது. பக்கத்திலேயே ஹாலிவுட் நெடுஞ்சாலை வந்தது. 1955 ஜூன் 19 அன்று க்ளென்டேல், பர்பேங்க் வண்டியோடு சுரங்கத்தை மூடினார்கள். கடைசி வண்டியில் யாரோ ‘மறதிக்குப் போகிறது’ என்ற பொருளில் ஒரு துணி பேனர் கட்டியிருந்தார்கள். படத்தில் இன்னும் பார்க்கலாம்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1940-இல் வாங்கிய புது மாதிரி வண்டிகள் முப்பது இருந்தன. அவற்றைச் சுரங்கத்துக்குள்ளேயே அடைத்து வைத்திருந்துவிட்டு, 1959-இல் அர்ஜென்டினாவுக்கு விற்றார்கள். ப்யூனஸ் அயர்ஸில் கொஞ்ச காலம் ஓடின. சுரங்கத்தில் அப்புறம் போலீஸ் பறிமுதல் செய்த கார்கள், அணுகுண்டு பயந்த நாட்களில் அவசரகால பிஸ்கட் டின்கள். (கார் ரயிலை விரட்டியது பத்தாது என்று அதன் வீட்டிலும் குடிபுகுந்தது.) பங்கர் ஹில்லின் மேல் உயரமான கட்டிடங்கள் எழும்பியபோது அடித்தள வேலையில் சுரங்கம் நடுவில் அறுபட்டுவிட்டது. பொனவெஞ்சர் ஹோட்டல் நிற்பது அந்த வழியில்தான். மேற்கு முனை, டொலுகா யார்டு என்று பெயர், பல வருடம் காலியாகக் கிடந்து சுவரோவியக்காரர்களின் மைதானமாக இருந்தது. இப்போது அங்கேயும் அடுக்குமாடி வீடுகள், சுரங்க வாயை மூடிவிட்டார்கள், பழைய மின்நிலையக் கட்டிடம் மட்டும் நிற்கிறது.

பசிபிக் எலக்ட்ரிக் தொட்ட இடமெல்லாம் கடைசியில் லாஃப்ட் ஆகிவிடுகிறது.

---

ஆறாம்தெரு எழுதியது:

அடேயப்பா. ஒரு கேள்வி கேட்டால் இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகச் சிவப்புவண்டி சாருக்கு.

ஒரு சந்தேகம் பாக்கி. மெயின் தெருக் கட்டிடத்துக்குக் கடைசி வண்டி எப்போது வந்தது? அப்புறம், அடுத்த மாதம் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டிஸ்னிலாண்டைவிட இதைக் காட்டினால்தான் சந்தோஷப்படுவார். பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

---

சிவப்புவண்டி எழுதியது:

பெரம்பூர்க்காரரா! அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன்.

கடைசி வண்டி எங்கள் லாங் பீச் வண்டிதான், 1961 ஏப்ரல் 9 விடியற்காலையோடு சரி. அப்போது சிவப்பு வண்டிகள் அரசின் போக்குவரத்து ஆணையத்திடம் இருந்தன, 1958-இலேயே கைமாறியிருந்தன. முதலில் திறந்த பெரிய தடம் கடைசியில் மூடியது. அதற்கு அந்த நாலு தடப் பாதை ஒரு முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம். தெருவை நம்பாமல் தனக்கென்று நிலம் வைத்திருந்த தடம் தாக்குப்பிடித்தது, தெருவை நம்பியவை முன்னாலேயே போய்விட்டன. வண்டி போனாலும் அந்த நிலம் போகவில்லை, சரக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் 1990 ஜூலையில் மெட்ரோ ப்ளூ லைன் திறக்க முடிந்தது. அதைத்தான் இப்போது ஏ லைன் என்கிறார்கள். பழைய பாதையின் பெரும்பகுதி அதேதான். நான் அதற்கு முந்தின வருடம்தான் இங்கே வந்தேன், திறந்த அன்று ஏறிப் பார்த்தேன்.

அப்பாவுக்குக் காட்ட: முதலில் மெயின் தெருக் கட்டிடம். முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஆறாம் தெரு வழியாக லாஸ் ஏஞ்சலஸ் தெருப் பக்கம் சுற்றிப் போங்கள். பாலம் போன திசை அது. கட்டிடம் எவ்வளவு ஆழமாகப் பின்னால் போகிறது என்பது அங்கிருந்துதான் புரியும். அப்புறம் ஹில் தெருவில் 417-இன் வாசல், அங்கிருந்து ஒரு எட்டில் பெர்ஷிங் சதுக்க மெட்ரோ. ஒரு ஸ்டேஷன் நாற்பது வருடம் மூடிக் கிடக்க, அதன் பக்கத்திலேயே இன்னொரு சுரங்க நிலையம் தோண்டி 1993-இல் திறந்திருக்கிறார்கள். எதிரில் க்ராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், அம்மாவுக்குக் கால் வலித்தால் அங்கே உட்கார வைத்துவிடலாம். ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் இழுவை ரயிலும் அங்கேயே, ஒரு நிமிடப் பயணம்தான்.

வண்டியையே பார்க்க வேண்டும் என்றால் டவுன்டவுனில் கிடைக்காது, பெரிஸ் போக வேண்டும். ரிவர்சைடு பக்கம், தென் கலிஃபோர்னியா ரயில்வே மியூசியம் அங்கே இருக்கிறது. மரத்தாலான பழைய சிவப்பு வண்டியிலிருந்து பிந்திய இரும்பு வண்டி வரை வைத்திருக்கிறார்கள், சிலவற்றை ஓட்டியும் காட்டுவார்கள். எந்த நாளில் எதை ஓட்டுகிறார்கள் என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். பெட்டி கட்டியவர் என்றால் அடியில் குனிந்து சக்கரத்தைத்தான் முதலில் பார்ப்பார், வேட்டி வேண்டாம், பேண்ட் போட்டு வரச் சொல்லுங்கள். பெரிஸ் பக்கம் வெயிலும் கொளுத்தும், தொப்பி மறக்க வேண்டாம்.

தேதி முடிவானதும் தனிச்செய்தி போடுங்கள். லாங் பீச்சிலிருந்து ஏ லைனில் வந்துவிடுவேன்.